பழைய ஊற்றுப் பேனாக்களின் விலைமதிப்பு

பழைய ஊற்றுப் பேனாக்களின் விலைமதிப்பு என்பது, தயாரிப்பு நின்றுபோன ஊற்றுப் பேனாக்கள் சேகரிப்போரிடையேயும் பயன்படுத்துவோரிடையேயும் எந்த அடிப்படையில் விலை பெறுகின்றன என்பதைக் குறிப்பதாகும். ஊற்றுப் பேனா தமிழ்நாட்டில் பெரும்பாலும் மைப்பேனா என்றும், இலங்கையில் பேனை என்றும் வழங்கப்படுகிறது. பழைய பேனாவுக்கு நிலையான விலை இல்லை. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு பேனாக்களின் விலை ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வேறுபடுவதும் உண்டு. நிறம், முள், உடலின் நிலை, பொறிப்பு, செப்பனிடப்பட்டதா இல்லையா என்பன இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணங்களாகும்.

வரையறை

எந்த ஆண்டுக்கு முற்பட்ட பேனாவைப் பழைய பேனா என்று கொள்வது என்பதில் சேகரிப்போரிடையே ஒருமித்த கருத்து இல்லை. குமிழ்முனைப் பேனா பரவுவதற்கு முன்னர், அதாவது ஏறத்தாழ 1950களுக்கு முன்னர் செய்யப்பட்டவற்றை மட்டும் சிலர் இவ்வகையில் சேர்க்கின்றனர். 1960கள், 1970கள் வரையிலானவற்றையும் சேர்த்துக்கொள்வோர் உளர். அண்மைக் காலத்தில் குறைந்த எண்ணிக்கையில் சிறப்பு வெளியீடாகச் செய்யப்படும் பேனாக்கள் இவ்வகையில் அடங்கா. அவற்றின் விலையைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். பழைய பேனாவின் விலையைத் தீர்மானிப்பது சந்தை மட்டுமே.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்காவில் லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884 இல் பெற்ற காப்புரிமை, சீராக மை வழங்கும் பேனாவின் வணிகத் தயாரிப்புக்கு வழிவகுத்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரில் ஜார்ஜ் சாபோர்ட் பார்க்கர் 1888 இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷீபர் 1908 இல் நெம்புகோலால் மை நிரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செருமனியின் பெலிக்கன் நிறுவனம் 1929 இல் உந்துதண்டு முறையில் மை நிரப்பும் பேனாவை வெளியிட்டது.

நல்ல பேனா தொடக்கம் முதலே விலையுயர்ந்த பொருளாக இருந்தது. 1921 இல் வெளிவந்த பார்க்கர் டூயோபோல்டு 7 டாலருக்கு விற்கப்பட்டது. அது அன்று மிக உயர்ந்த விலையாகக் கருதப்பட்டது. 1941 இல் வெளிவந்த பார்க்கர் 51 இன் விலை 12.50 டாலர். 1945 அக்டோபரில் நியூயார்க்கின் கிம்பல்சு கடையில் விற்பனைக்கு வந்த ரெனால்ட்சு குமிழ்முனைப் பேனாவும் அதே 12.50 டாலருக்கே விற்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் சில ஆண்டுகளிலேயே குமிழ்முனைப் பேனாவின் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அதன் பின்னர் ஊற்றுப் பேனாக்கள் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து படிப்படியாக விலகி மேசை இழுப்பறைகளில் முடங்கின. இன்று சந்தைக்கு வரும் பழைய பேனாக்களில் பெரும்பகுதி இவ்வாறு முடங்கிக் கிடந்தவையே.

1970களுக்குப் பின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேனா சேகரிப்பு ஓர் ஒழுங்கான பொழுதுபோக்காக வளர்ந்தது. 1995 இல் தொடங்கப்பட்ட ஈபே போன்ற இணைய ஏலத் தளங்கள் விலையமைப்பைப் பெரிதும் மாற்றின. அரியவை எனக் கருதப்பட்ட பல மாதிரிகள் உண்மையில் ஏராளமாக இருப்பது தெரியவந்து அவற்றின் விலை குறைந்தது. உண்மையிலேயே அரியவற்றுக்கோ உலகெங்கிலுமிருந்து போட்டி ஏற்பட்டு விலை உயர்ந்தது.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

1. தயாரிப்பாளரும் மாதிரியும்

வாட்டர்மன், பார்க்கர், ஷீபர், வால்-எவர்சார்ப், காங்க்லின் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும், மோன்ட்பிளாங்க், பெலிக்கன் ஆகிய செருமானிய நிறுவனங்களும், சப்பானின் பைலட் நிறுவனமும் சேகரிப்போரால் பெரிதும் நாடப்படுகின்றன. எனினும் பெயர் மட்டும் போதாது. பெரிய நிறுவனங்கள் மலிவான பேனாக்களையும் செய்தன. 1948 இல் வெளிவந்த பார்க்கர் 21, பார்க்கர் 51 ஐப் போன்ற தோற்றமுடையதாயினும் அதைவிடக் குறைந்த விலைக்கென உருவாக்கப்பட்டது. இன்றும் அதன் விலை குறைவே.

பழமையும் தன்னளவில் விலையைத் தருவதில்லை. நூறாண்டு கடந்த, பெயர் தெரியாத நிறுவனத்தின் கருப்புப் பேனா மலிவாகக் கிடைக்கலாம். அறுபதாண்டுப் பேனா ஒன்று அதைவிடப் பன்மடங்கு விலை பெறலாம்.

வாட்டர்மன் பேனாக்களில் பொறிக்கப்பட்ட எண் விலையை அறியத் துணைசெய்கிறது. 1917 முதல் வழங்கிய முறையில் கடைசி இலக்கம் முள்ளின் அளவைக் குறிக்கும். அதற்கு முந்தைய இலக்கம் மை நிரப்பும் முறையைக் குறிக்கும். 52 என்பது நெம்புகோல் முறையும் இரண்டாம் அளவு முள்ளும் கொண்ட பேனா ஆகும். 452 என்பது அதே பேனாவின் வெள்ளி உறையிட்ட வடிவம். 58 என்பது எட்டாம் அளவுள்ள பெரிய முள் கொண்டது. இது 52 ஐவிட மிக அரியது, விலையும் மிக அதிகம்.

2. மூலப்பொருளும் நிறமும்

தொடக்ககாலப் பேனாக்கள் எபோனைட்டு எனப்படும் கடின இரப்பரால் செய்யப்பட்டன. கருப்பு எபோனைட்டு வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பு நிறமாக மாறும். நிறம் மாறாத பேனாவுக்கு விலை அதிகம். 1920களில் செலுலாய்டு பரவியபின் பல வண்ணப் பேனாக்கள் வந்தன. செலுலாய்டு பேனாவின் உள்ளிருக்கும் இரப்பர்ப் பையிலிருந்து வெளிப்படும் கந்தகச் சேர்மங்கள் உடலைக் கருமையாக்கும். இளம்பச்சை போன்ற வெளிர் நிறங்களில் இது தெளிவாகத் தெரியும். எனவே உடலும் மூடியும் ஒரே நிறத்தில் இருக்கும் வெளிர்நிறப் பேனா அரிதாகவே கிடைக்கிறது.

3. முள்

நிப்பு எனப்படும் முள்ளே பேனாவின் உயிர்நிலை. முள்ளின் நுனியில் கடினமான உலோகக் கலவையாலான சிறு மணி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் பேனாவின் மதிப்பு பெருமளவு குறையும். முள்ளில் வெடிப்பு இருப்பினும் அவ்வாறே.

தங்க முள் உயர்ந்தது, எஃகு முள் தாழ்ந்தது என்ற பொதுக் கருத்து எப்போதும் பொருந்தாது. செருமனியில் 1938 முதல் தங்கப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதால், அக்காலச் செருமானியப் பேனாக்களில் எஃகு அல்லது பல்லேடியம் முட்கள் பொருத்தப்பட்டன. அவை அப்பேனாக்களுக்கு உரிய முட்களேயாகும்.

அழுத்தும்போது விரிந்து மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் தரும் நெகிழ்முட்களுக்கு விலை மிக அதிகம். 1927 இல் வெளிவந்த வாட்டர்மன் 7 பேனாவில் முள்ளின் தன்மை நிறத்தால் குறிக்கப்பட்டது. அவற்றுள் நெகிழ்முள்ளைக் குறிக்கும் இளஞ்சிவப்பு மிகவும் விரும்பப்படுகிறது. விற்பனையாளர் பலரும் சாதாரண முள்ளையும் நெகிழ்முள் என்று விவரிப்பதால், எழுதிக் காட்டிய மாதிரியைக் கேட்டுப் பெறுவது வழக்கம்.

4. மை நிரப்பும் முறை

நெம்புகோல் பேனாவின் இரப்பர்ப் பையை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. 1952 இல் வெளிவந்த ஷீபர் சுனார்க்கல், பல நுண்ணுறுப்புகளைக் கொண்டதால் செப்பனிடக் கூடுதல் செலவாகும். ஆகவே செப்பனிடப்படாத சுனார்க்கலுக்கும் செப்பனிடப்பட்ட சுனார்க்கலுக்கும் இடையிலான விலை வேறுபாடு அதிகம்.

5. பொறிப்புகளும் உடைமை வரலாறும்

நிறுவனத்தின் முத்திரைப் பொறிப்பு தெளிவாக இருப்பது விலையை உயர்த்தும். முன்னாள் உடைமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது பொதுவாக விலையைக் குறைக்கும். அப்பெயரைத் தேய்த்து அழித்த தடம் இருப்பின் விலை மேலும் குறையும். அறியப்பட்ட ஒருவரின் பேனாவாயின் நிலைமை தலைகீழாகும். 1945 செப்டம்பர் 2 அன்று சப்பானின் சரணாகதி ஆவணத்தில் தளபதி மெக்கார்தர் பல பேனாக்களைப் பயன்படுத்திக் கையொப்பமிட்டார். அத்தகைய பேனாவின் விலை பேனாவுக்கானது அன்று, நிகழ்ச்சிக்கானது. எனவே உறுதியான சான்று இல்லாத உடைமைக் கதைக்கு விலை கொடுப்பதில்லை என்பது சேகரிப்போரிடையே நிலவும் விதியாகும்.

எடுத்துக்காட்டு: பார்க்கர் 51

விலைக் காரணிகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை அறிய பார்க்கர் 51 பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும். 1941 முதல் 1972 வரை அமெரிக்காவில் மிகப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டதால் இது எளிதில் கிடைக்கிறது.

- கருப்பு, சாம்பல், அடர்சிவப்பு, நீலப்பச்சை ஆகிய நிறங்கள் பரவலானவை. நாசோ பச்சை, கடுகு மஞ்சள் ஆகியன அரியவை. 1948-49 காலத்தில் குறுகிய காலமே செய்யப்பட்ட பிளம் நிறமும் அரியது.
- எஃகு மூடி பரவலானது. தங்கமுலாம் மூடிக்கு விலை சற்று அதிகம். முழுத் தங்க மூடி மிக அரியது.
- 1941 இல் செய்யப்பட்ட முதலாண்டுப் பேனாக்களின் தனிக்கூறுகள் விலையை உயர்த்துகின்றன.
- தொடக்ககாலப் பேனாக்களின் உள்ளே இருக்கும் இரப்பர் மென்தகடு காலப்போக்கில் கெடும், மாற்ற வேண்டும். 1948 முதல் வந்த பிழிந்து நிரப்பும் வகையின் பை நெகிழியாலானது. அது பல பேனாக்களில் இன்றும் நன்னிலையில் உள்ளது, நீரால் கழுவினாலே போதும்.

இதன்படி, முதன்முறையாகப் பழைய பேனா வாங்குவோருக்குப் பிழிந்து நிரப்பும் வகையைச் சேர்ந்த, பரவலான நிறமுடைய பார்க்கர் 51 பரிந்துரைக்கப்படுவதுண்டு. நியூசெர்சியின் கேம்டன் நகரில் செய்யப்பட்ட எசுட்டர்புரூக் ஜே வகைப் பேனாக்களும் அவ்வாறே. இவற்றின் முட்களைத் திருகிக் கழற்றி வேறு முள் பொருத்தலாம்.

விலையை அறியும் முறைகள்

விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. உண்மையில் விற்று முடிந்த விலையே சான்றாகும். இணைய ஏலங்களில் முடிந்த விற்பனைகளைப் பார்க்கும் வசதி உண்டு. ஒரே மாதிரி, ஒரே நிலையிலுள்ள ஐந்தாறு விற்பனைகளை ஒப்பிட்டு நடுவிலையைக் கொள்வது நல்லது. மிக உயர்ந்த ஒரு விற்பனை, இருவர் பிடிவாதமாகப் போட்டியிட்டதன் விளைவாகவும் இருக்கலாம்.

அச்சிட்ட விலைக் கையேடுகள் மாதிரிகளை அடையாளம் காணப் பயன்படும். அவற்றிலுள்ள விலைகள் விரைவில் பழையனவாகிவிடும். ஏல நிறுவனங்களில் அறிவிக்கப்படும் விலையுடன் வாங்குவோர் கட்டணமும் சேரும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அஞ்சற்செலவையும் சுங்கவரியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மலிவாக வாங்குதல்

மலிவு என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான அறிவு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. பேனாவை அறிந்த வணிகரிடம் மலிவு அரிது, ஆனால் உறுதிப்பாடு உண்டு. இலண்டனின் போர்ட்டபெல்லோ சாலை போன்ற பழம்பொருள் சந்தைகள், வீட்டுப்பொருள் விற்பனைகள், பல பேனாக்களை ஒன்றாகக் கட்டி விற்கும் ஏலங்கள் ஆகியவற்றில் மலிவுக்கு வாய்ப்பு அதிகம், இடரும் அதிகம். மாதிரியின் பெயர் பிழையாக எழுதப்பட்ட இணைய விளம்பரங்கள் பலர் கண்ணிலும் படாமல் குறைந்த விலைக்கு முடிவதுண்டு.

செப்பனிடப்படாத பேனாவை வாங்குமுன் பின்வருமாறு கணக்கிடலாம். செப்பனிடப்பட்ட பேனாவின் சந்தை விலை 100 என்க. செப்பனிடும் செலவு 30 எனில், 70 க்கு வாங்குவதில் இலாபம் ஏதுமில்லை. மறைந்திருக்கும் குறைகளுக்காக மேலும் 20 கழித்தால் 50 என்பதே தகுந்த மேல்வரம்பு. முள் கெட்டிருந்து, மாற்று முள்ளின் விலை 50 எனில், அந்தப் பேனா 10 க்குக் கிடைத்தாலும் உதிரி உறுப்புகளுக்காக மட்டுமே வாங்கத்தக்கது.

நேரில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- மூடியின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு உள்ளதா என வெளிச்சத்தில் பார்த்தல்
- முள்ளின் இரு கிளைகளும் நேராகவும் சமமாகவும் உள்ளனவா என உருப்பெருக்கியால் நோக்குதல்
- மூடி, உடல், முள் ஆகிய மூன்றும் ஒரே மாதிரிக்கு உரியனவா எனச் சரிபார்த்தல்
- விறைத்திருக்கும் நெம்புகோலை வலிந்து இழுக்காதிருத்தல். உள்ளே இறுகிய பையால் நெம்புகோலோ உடலோ உடையக்கூடும்.

கலப்புப் பேனாக்களும் போலிகளும்

பல பேனாக்களின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட பேனா கலப்புப் பேனா எனப்படும். எழுதுவதற்கு அது குறையற்றதாக இருக்கலாம். ஆனால் சேகரிப்பு மதிப்பு குறைவு. இதை மறைத்து விற்பதே தவறாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான சீனத்து ஹீரோ பேனாக்களுள் சில, பார்க்கர் 51 இன் தோற்றத்தைப் பின்பற்றியவை. ஹீரோ என்ற பெயருடன் விற்கப்படும்வரை அவை போலிகள் ஆகா. பெயர் நீக்கப்பட்டோ வேறு மூடி பொருத்தப்பட்டோ பார்க்கர் என விற்கப்படும்போதே போலியாகின்றன.

செப்பனிடலும் பாதுகாப்பும்

பையை மாற்றுதல், கழுவுதல் போன்ற மீளத்தக்க வேலைகள் விலையை உயர்த்துகின்றன. மிகையாக மெருகேற்றிப் பொறிப்பைத் தேய்த்தல், கருப்புச் சாயம் பூசுதல் போன்றவை விலையைக் குறைக்கின்றன. செலுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால் அதைத் தீச்சுடரில் காட்டலாகாது. சாராயம், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் அதைச் சிதைக்கும்.

தங்கத்தின் விலை உயரும் காலங்களில் பழைய பேனாக்களின் முட்கள் கழற்றி உருக்கப்படுகின்றன. ஒரு முள்ளில் இருக்கும் தங்கம் மிகச் சிறிதளவே. நல்ல நிலையிலுள்ள பழைய முள்ளுக்கு, எழுதுகருவி என்ற வகையில் கிடைக்கும் விலை பெரும்பாலும் அத்தங்கத்தின் விலையைவிட அதிகம். உருக்கப்பட்ட முள்ளை மீண்டும் செய்ய இயலாது என்பதால், முள்ளில்லாத உடல்கள் சந்தையில் பெருகி, முழுமையான பேனாக்கள் அருகி வருகின்றன. வீட்டில் கிடைக்கும் பழைய பேனாவை உலோகமாக விற்குமுன், அதன் பெயரையும் எண்ணையும் படித்தறிந்து உரிய விலையை விசாரிப்பது விற்பவருக்கும் நன்மை தரும், பேனாவும் பிழைக்கும்.

இவற்றையும் பார்க்க

- ஊற்றுப் பேனா
- குமிழ்முனைப் பேனா
- எபோனைட்டு
- செலுலாய்டு
- ஏலம்