முறுக்கு வாங்கப் போன நேரத்தில் வந்த டிஸ்னி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

எங்க வ. புதுப்பட்டிப் பக்கம் டூரிங் கொட்டகையில படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நியூஸ் ரீல் ஓடும். பிலிம்ஸ் டிவிஷன் சமாச்சாரம். போட்டே ஆகணும்னு சட்டம். மந்திரி ரிப்பன் வெட்டுவார், எங்கேயோ வெள்ளம் வரும். சனங்க அந்த நேரத்துலதான் பீடி பத்த வைக்கவும் முறுக்கு வாங்கவும் எழுந்து போவாங்க. நானும் அண்ணனும் முறுக்கு கோஷ்டி. எப்பவாவது அதுல ஒரு பொம்மைப் படம் வரும். குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்புன்னு ஏதாவது புத்திமதி. அதையும் பாதிதான் பார்த்திருப்போம்.

அந்தப் பொம்மைப் படங்களோட பூர்வீகத்தைத் தேடினா, அது நேரா டிஸ்னி ஸ்டூடியோவுக்குப் போகுது. எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது.

முதல்ல அமெரிக்கா போயிட்டு வந்துடுவோம். 1950களின் தொடக்கத்துல வால்ட் டிஸ்னிக்கு கார்ட்டூனை விட பார்க் மேலதான் கிறுக்கு. அண்ணன் ராய்தான் கஜானா. அவருக்கு இதுல அவ்வளவு இஷ்டமில்லை. தம்பி தன்னோட ஆயுள் காப்பீட்டு பாலிசி மேலயே கடன் வாங்கினார். ஏபிசி டிவிக்காரங்க, வாராவாரம் ஒரு நிகழ்ச்சி தர்றதா இருந்தா பணம் போடுறோம்னாங்க. நம்ம ஊர்ல தோப்பை வித்து ப்ளாட் போடுவாங்க. அவர் அனஹைம்ல 160 ஏக்கர் தோப்பு நிலத்தை வாங்கி கோட்டை கட்டினார்.

17 ஜூலை 1955, திறப்பு விழா. கள்ள டிக்கெட்ல கூட்டம் பொங்கி வழிஞ்சுது. வெயில்ல புதுத் தார் இளகி, அம்மணிகளோட ஹை ஹீல்ஸ் அதுல புதைஞ்சுது. பிளம்பர்கள் ஸ்டிரைக் பண்ணினதால, குடிதண்ணிக் குழாயா, கக்கூஸான்னு கேள்வி வந்தப்போ வால்ட் கக்கூஸைத் தேர்ந்தெடுத்தார். (என்னைக் கேட்டா சரியான முடிவுதான்.)

மறு வருஷம், 1956ல, பம்பாயில பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவுக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். பேரு கிளேர் வீக்ஸ். பல வருஷம் டிஸ்னி ஸ்டூடியோவுல வேலை பார்த்தவர். 1942ல வந்த மான்குட்டிப் படம் பாம்பியில அவர் கையும் உண்டு. அமெரிக்காவோட தொழில்நுட்ப உதவித் திட்டத்துல நம்ம பசங்களுக்குக் கத்துக்கொடுக்க வந்தார். இதுல வேடிக்கை, அவர் பிறந்ததே இந்தியாவுலதான்! அப்பா அம்மா மிஷனரிகள்.

கத்துக்கொடுக்கிறதுன்னா சும்மா இல்லீங்க. சினிமாவுல ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு ஓவியத்தை ரெண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் பத்து நிமிஷப் படத்துக்கு 7,200 ஓவியம். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கை. மான் குதிச்சு இறங்கும்போது கனம் எந்தக் காலுக்குப் போகுது, வால் எத்தனை பிரேம் கழிச்சு அசையும், இதெல்லாம் மனப்பாடமா இருக்கணும்.

அப்படி 1957ல வந்தது 'பேனியன் டியர்', ஆலமர மான். புத்தரோட ஜாதகக் கதை. ராஜாவோட சமையலுக்குத் தினம் ஒரு மான் போகணும். ஒரு நாள் முறை கர்ப்பிணி மானுக்கு வருது. அதுக்குப் பதிலா மான்களோட தலைவனே போய்க் கழுத்தை நீட்டுது. டிஸ்னி காப்பின்னு சுலபமா சொல்லிடலாம். நான் ஒத்துக்க மாட்டேன். ஓடும்போது பாம்பி மாதிரி ஓடும், சரி. நிக்கும்போது பாருங்க, அஜந்தா சுவர்ல நிக்கிற மாதிரி நிக்கும்.

வீக்ஸ்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். 1968ல பிலிம்ஸ் டிவிஷனை விட்டு பிரசாத் புரொடக்ஷன்ஸ் போய், 1972ல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார். அப்புறம் ஜப்பானியர் யூகோ சாகோவோட சேர்ந்து ராமாயணக் கார்ட்டூன். படம் தயாரானது 1992ல. நாடு இருந்த நிலைமையில இங்கே தியேட்டருக்கு ஒழுங்கா வரலை. டிவியில பார்த்துச் சொக்கிப் போனவங்கதான் அதிகம். கடைசியா தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்தது 2025 ஜனவரியில. சாகோ 2012லயும் ராம் மோகன் 2019லயும் போய்ச் சேர்ந்துட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்த படம், வரும்போது கைதட்டலைக் கேட்க ரெண்டு பேருமே இல்லை.

எனக்கு வயித்தெரிச்சல் வேற. டிஸ்னி ஸ்டூடியோவுலயே 1941ல ஓவியர்கள் ஸ்டிரைக் பண்ணினாங்க. சம்பளம், யூனியனோட, திரையில எங்க பேரைப் போடுங்கறதும் ஒரு கோரிக்கை. பம்பாய்க்காரங்க அதெல்லாம் கேக்கலை. படம் கொட்டகை கொட்டகையா போச்சு, பேரை யாரும் படிக்கலை. படிக்க வேண்டிய நேரத்துல நாங்க வெளியில நின்னோம்.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தப்போ விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"ஏன்டா, அப்போ நாம திரும்பி வர்றதுக்குள்ள ஓடிப்போச்சே, அதெல்லாமா?"

"அதுலயும் இருந்திருக்கும்ணே."

"அந்தக் கடை முறுக்கு நல்லாத்தான்டா இருந்துச்சு"ன்னுட்டு, கொட்டகை இருந்த பக்கமா ஒரு நடை போயிட்டு வந்தார்.