காகிதபுரத்துத் தண்ணீர்

திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நிற்கும் நமக்கு, இதே ஆற்றின் மேல்கரையில் காகிதம் பிறக்கிறது என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. சிற்றிதழ்களைத் தாளின் மணத்தோடு நேசிப்பவர்கள் நாம். அத்தாள் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று கேட்டதில்லை.

புகழூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் உருவானபோது, கரூர் திருச்சி மாவட்டத்தின் பகுதி; 1995இல்தான் பிரிந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு எழுந்த ஆலையில் 1984இல் உற்பத்தி தொடங்கியது. மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையே முதன்மை மூலப்பொருள். சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் கொதிகலனில் எரித்துவந்தன. ஆகவே அதைப் பெற, நீராவியோ எரிபொருளோ ஈடாகத் தரவேண்டியிருந்தது. நல்ல பண்டமாற்று!

காடு தப்பியது, கழிவுநீர் தப்பவில்லை. அரைவைப் பருவத்தில் வரும் சக்கையை ஆண்டு முழுவதற்கும் ஈரமாகக் குவித்து வைக்கிறார்கள். அதைக் கழுவிய நீரில் எஞ்சிய சர்க்கரை புளித்து நாறும். அப்படியே ஆற்றில் விட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீனுக்கு மூச்சு முட்டும். அதே நீரைக் காற்றுப் புகாத கலனில் அடைத்தால், வேறுவகை நுண்ணுயிர்கள் மீத்தேன் தருகின்றன. 2003 முதல் அவ்வாயு சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிகிறது. கூழ் வேகவைத்த கருஞ்சாற்றைச் சுண்டக் காய்ச்சி எரித்து, காரத்தை மீட்கிறார்கள். மற்ற கழிவுநீர் வண்டல் படியவைக்கப்பட்டு, காற்றூட்டிச் சுத்திகரிக்கப்படுகிறது.

அதன்பின் அந்நீர் போவது வயலுக்கு. உழவர்கள் சங்கம் அமைத்து, ஆயிரம் ஏக்கருக்கும் மேல் இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். மழை குறைந்த கரூர்ச் சீமையில் இது சிறிய வரமன்று. ஆனால் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்னும்; உப்பைத் தின்னாது. பாயும் நீர் ஆவியாக, சோடியம் மண்ணில் தங்கும். மண் இறுகும், கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும். ஆற்றுக்குப் போகவேண்டிய சுமையை நிலம் வாங்கிக்கொண்டது என்பதே நம் கணிப்பு. தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் உள்ள பொறுமை எல்லாப் பயிருக்கும் இல்லை.

2016இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் இதே நிறுவனத்தின் அட்டை ஆலை இயங்கத் தொடங்கியது. இம்முறை பிரிந்துபோன கரூரில் அல்ல, இன்றைய திருச்சி மாவட்டத்துக்குள்ளேயே.