கடைசற்பொறியும் கையும்: மரக்கடைசலுக்கு மீள்வோரின் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இங்கிலாந்திலே, பள்ளிப்பருவத்திற் பயின்ற மரக்கடைசலைப் பிழைப்பின் நெருக்கடியாற் கைவிட்டு, முப்பது நாற்பது ஆண்டுகளின் பின்னர், பெரும்பாலும் ஓய்வுபெற்றதும், மீண்டும் அதற்குத் திரும்புவோர் பலர். அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்தக் கடைசற்பொறியை வாங்குவது என்பதாகும். எத்துணைப் பருமனான மரத்தை அது ஏற்கும்? அதன் வேகத்தை எவ்வாறு மாற்றலாம்? புதியதை வாங்குவதா, பழையதைத் தேடுவதா? இவ்வினாக்களுக்குத் தனிமனித விருப்பு, பணவசதி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் விடைகூறுவதே வழக்கமாக உள்ளது. ஆயின் ஒரு கருவியைத் தெரிவுசெய்பவர் தாம் அறியாமலே ஒரு நீண்ட வரலாற்றின் நடுவே நிற்கிறார். கடைசற்பொறியின் வரலாறு, கைக்கும் உளிக்கும் இடையிலான உறவின் வரலாறாகும்; உழைப்பவனிடமிருந்து அவனது திறன் எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது என்பதன் வரலாறுமாகும். அதனை நோக்குமிடத்து, மேற்கூறிய சிறிய வினாவுக்கும் தெளிவான விடை கிடைக்கும் என்பது எமது கருத்து.

ஏனைய தச்சுவேலைகளிலே மரம் நிலைத்து நிற்க, கருவி நகர்கிறது. கடைசலிலோ மரம் சுழல்கிறது. உளி அதன் மீது தாங்கி வைக்கப்படுகிறது. எனவே, மரத்தைச் சுழற்றுபவர் யார், உளியைப் பிடிப்பவர் யார் என்ற இரு வினாக்களும் இத்தொழிலின் தொடக்கத்திலிருந்தே எழுகின்றன. எகிப்திலே கி.மு. 300 அளவிற்குரிய பெற்றோசிரிஸ் கல்லறைச் சிற்பத்தில், ஒருவன் மரத்தைச் சுற்றிய வாரை மாறிமாறி இழுக்க, மற்றவன் உளியைப் பிடித்திருக்கும் காட்சி காணப்படுகிறது. இழுப்பவனின் உழைப்பும் செதுக்குபவனின் திறனும் அங்கே இரு உடல்களிற் பிரிந்து நிற்கின்றன. தமிழிலே தயிரைக் கடைதலுக்கும் மரத்தைக் கடைதலுக்கும் ஒரே வினைச்சொல் வழங்குவது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. மத்திற் சுற்றிய கயிற்றை முன்னும் பின்னும் இழுக்கும் அசைவும், மரத்திற் சுற்றிய வாரை இழுக்கும் அசைவும் ஒன்றே. அடுக்களையிலும் பட்டறையிலும் நிகழ்ந்த உழைப்பின் உறவைச் சொல் மறவாது பேணி வைத்துள்ளது.

ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலே வேறொரு பொறி இடம்பெறுகிறது. மேலே வளையத்தக்க கழியொன்று, கீழே மிதிபலகை, இரண்டையும் இணைக்கும் கயிறு இடையிலே மரத்தைச் சுற்றிச் செல்கிறது. மிதித்தால் மரம் முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தாற் கழி நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். முன்னோக்கிய சுழற்சியில் மட்டுமே வெட்டமுடியும் என்பது இதன் குறை. ஆயினும், ஒருவனே சுழற்றவும் செதுக்கவும் கூடியதாகி, இரு கைகளும் உளிக்கென விடுபட்டமை பெரும் முன்னேற்றமாகும். அதன்பின் பெருஞ்சக்கரப் பொறி தொடர்ச்சியான சுழற்சியைத் தந்தபோது, அச்சக்கரத்தைச் சுற்றுவதற்கு மீண்டும் ஓர் ஏவலாளோ தொழில்பயிலும் சிறுவனோ தேவைப்பட்டான். பொறியின் வளர்ச்சி தானாகவே மனிதரை விடுவிப்பதில்லை என்பதற்கு இது பழைய உதாரணமாகும்.

தீர்க்கமான மாற்றம் இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியோடு நிகழ்ந்தது. 1797இல் இலண்டனிற் சொந்தப் பட்டறை அமைத்த ஹென்றி மோட்ஸ்லி, உளியை இரும்புப் பிடிக்குள் இறுக்கித் திருகாணியால் நகர்த்தும் நழுவுதாங்கியைச் செம்மைப்படுத்தினார். இதன் முன்வடிவங்கள் முன்னரும் இருந்தனவாயினும், உலோக வேலையில் இதனை நம்பகமான பொதுக்கருவியாக்கியதிற் பெரும்பங்கு அவருக்குரியது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் இக்கருவியைத் தனியே எடுத்துப் பேசுகிறார். இது குறித்த ஒரு கருவியின் இடத்தை அன்றி, மனிதக் கையின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்பது அவர் கண்ட உண்மை. எவ்வளவு ஆழமாக வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானங்கள் கையிலிருந்து பொறிக்கு மாறின.

இதன் சமூக விளைவைப் போட்ஸ்மத் கடற்படைத் தளத்திலே காணலாம். பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய மரக்கப்பிகளைச் செய்வதற்கு மார்க் புறுனெல் வகுத்த பொறிகளை மோட்ஸ்லி உருவாக்கிக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அவை இயங்கத் தொடங்கின. 1808 அளவில் ஆண்டுக்குச் சுமார் 130,000 கப்பிகள் அங்கு உற்பத்தியாகின. தேர்ச்சிபெற்ற 110 பேர் செய்த வேலையைத் தேர்ச்சியற்ற 10 பேர் செய்யலாயினர் என்பர். அமெரிக்காவில் 1819இல் தோமஸ் பிளான்சார்ட் அமைத்த பிரதிசெய் கடைசற்பொறி, மாதிரியொன்றைத் தடவிச்சென்று துப்பாக்கியின் மரப்பிடிகளைச் செதுக்கியது. போரின் தேவைகளே மரவேலையிலிருந்து கையை அகற்றுவதில் முன்னின்றன என்பது கவனிக்கத்தக்கது.

கையை இழக்காத கடைசல் இருவேறு இடங்களில் நீடித்தது. ஒன்று, மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. உருசியப் பேரரசர் மகா பீற்றர் கடைசலில் ஈடுபட்டவர். இலண்டனில் 1795 முதல் ஹோல்ற்ஸ்ஸாப்ஃபெல் நிறுவனம் செல்வர்களுக்கெனச் செய்த அலங்காரக் கடைசற்பொறிகள் பெரும் விலை பெற்றன. விருப்பத்தின் பேரிற் கடைபவன் பொறியைத் தெரிவுசெய்து வாங்குவது என்ற வழக்கம் இவ்வாறு உடைமை வர்க்கத்திடமிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மற்றையது, பக்கிங்காம்ஷயரின் பீச்மரக் காடுகள். அங்கே ‘பொட்ஜர்’ என அழைக்கப்பட்ட கடைசற்காரர், வெட்டிய ஈரமரத்தைக் காட்டிலேயே பிளந்து, கழிப்பொறியிற் கதிரைக்கால்களைக் கடைந்து, ஹைவிக்கம் நகரத் தொழிற்சாலைகளுக்கு விற்றனர். 1870களில் அந்நகரம் நாளொன்றுக்குச் சுமார் 4,700 கதிரைகளைச் செய்தது. பிற்காலத்தார் இவர்களைச் சுதந்திரக் கைவினைஞராகப் போற்றியுள்ளனர். ஆனால் இவர்கள் கதிரையை முழுமையாகச் செய்தவர்கள் அல்லர். இருக்கையைக் குடைபவர் வேறு, உறுப்புகளைப் பொருத்துபவர் வேறு. பொட்ஜர் 144 உறுப்புகள் கொண்ட குறோஸ் கணக்கிற் கால்களை விற்றார்; விலையைத் தீர்மானித்தவர் தொழிற்சாலை முதலாளி. கழிப்பொறி அவருடையதே; கையும் உளியும் பிரியவும் இல்லை. ஆயினும் உழைப்பின் பயன் அவரிடம் தங்கவில்லை. கருவியின் எளிமை உழைப்பவனின் விடுதலைக்கு உத்தரவாதம் ஆகாது.

இவ்வுண்மையைக் கைவினை மறுமலர்ச்சியாளர் பலர் போதியளவு உணர்ந்தனர் எனக் கூறமுடியாது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே, இங்கிலாந்தின் புறோட் கம்டன் கிராமத்தில், ஆனந்த குமாரசுவாமி 1908இல் அச்சிட்டு முடித்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல் எம்மவரால் நன்கறியப்பட்டது. கண்டிப் பிரதேசத்து அரக்குக் கடைசலும் அதில் இடம்பெறுகிறது. அழியும் தறுவாயிலிருந்த தொழில்நுட்பங்களைப் பதிவுசெய்த வகையில் அந்நூலுக்கு நாம் கடப்பாடுடையோம். எனினும், கைவினைஞரைச் சாதியாலும் ஊழியக் கடமையாலும் பிணித்த அமைப்பை அது இணக்கத்தின் வடிவமாகவே நோக்கியது. மொறிஸ் சோஷலிஸத்தை நாடியதற்குக் காரணமாயிருந்த வினா, அதாவது உழைப்பில் இன்பம் யாருக்குக் கிடைக்கும் என்ற வினா, அங்கே பின்தள்ளப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சிறிய மின்மோட்டர் வீடுகளை எட்டியதோடு, கடைசல் பெருந்தொகையானோரின் ஓய்வுநேரத் தொழிலாயிற்று. 1968இல் டேவிட் பை, விளைவு முன்னரே உறுதிசெய்யப்பட்ட வேலைக்கும், ஒவ்வொரு கணமும் தவறக்கூடிய வேலைக்கும் இடையே வேறுபாடு கண்டார். இவரும் மரக்கிண்ணங்கள் செய்தவரே. அமெரிக்காவில் 1986இலும் பிரித்தானியாவில் 1987இலும் கடைசற்காரர் சங்கங்கள் தோன்றின. 1990இற் கழிப்பொறியாளருக்கெனவும் பிரித்தானியாவிற் சங்கமொன்று உருவாயிற்று. தொழிற்சாலையில் ஒழிந்த திறன் வீட்டுக் கொட்டிலிலே மீண்டது. கூலியுழைப்பிலே தீர்மானிக்கும் உரிமையை இழந்த ஒருவர், நாளின் எஞ்சிய நேரத்திலோ வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளிலோ அதனைத் தேடுகிறார். இத்தேட்டத்தை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது தவறாகும். அதே வேளை, அத்தேட்டமும் சந்தையில் விலைகூறப்படும் பண்டமாகியுள்ளதை மறைத்தலும் தவறாகும்.

இப்பின்னணியிற் பொறியின் தெரிவை நோக்குவோம். விளம்பரங்கள் முதன்மைப்படுத்துவது பருமனளவை ஆகும். பிரித்தானியர் மையத்திலிருந்து அடித்தளம் வரையுள்ள உயரத்தைக் கூறுவது பழைய வழக்கு; அமெரிக்கர் முழுவிட்டத்தைக் கூறுவர். ஆதலால் 6 அங்குலமும் 12 அங்குலமும் ஒரே பொறியைக் குறிக்கலாம். ஆனால் அளவிலும் முக்கியமானவை பாரமும் வேகமுமே. அகன்ற மரம் மெதுவாகச் சுழலவேண்டும். அங்குலத்திற் கூறிய விட்டத்தை நிமிடச் சுழற்சியாற் பெருக்க வரும் தொகை 6,000க்கும் 9,000க்கும் இடையில் அமைதல் நன்று என்பது தொழிலறிவு. 3 அங்குல மரம் 2,000 முதல் 3,000 வரை சுழலலாம். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 வரையே பொருந்தும். வட்டமாக்கப்படாத கட்டையைத் தொடங்கும்போது அதனிலும் குறைவு வேண்டும். குறைந்த வேகமே 500ஆக உள்ள இலேசான பொறி, பெரிய கட்டையை ஏற்கும் என விற்கப்படினும், உளி பிடித்தவரை அதிர்விலும் ஆபத்திலுமே நிறுத்தும். கை தீர்மானிப்பதற்கு இடமளிப்பது பொறியின் பாரமும் நிதானமுமே.

கவ்விகள் பொருந்தும் அச்சின் புரியளவு மற்றொன்று. வழக்கொழிந்த புரியுடைய பொறியை வாங்குபவர் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் அலையவேண்டும். ஐரோப்பாவிற் பரவலாக உள்ள 33 மில்லிமீற்றர் புரி இவ்வகையில் வசதியானது. கவ்வி, உளிகள், சாணைப்பொறி என்பவற்றின் மொத்தவிலை பொறியின் விலையைத் தாண்டுதல் அரிதன்று.

பழைய பொறி பற்றிய விடயம் ஆழ்ந்த சமூகப் பொருளுடையது. பிரித்தானியப் பள்ளிகளின் மரவேலைக் கூடங்களில் ஹரிசன் நிறுவனத்தின் ‘கிராஜுவேற்’ போன்ற பாரமான வார்ப்பிரும்புப் பொறிகள் நிறுவப்பட்டிருந்தன. தொழிலாளர் பிள்ளைகள் கைத்தொழில் உலகுக்கெனப் பயிற்றப்பட்டது அவற்றிலேயே. மரவேலைக் கல்வி சுருங்கியபோது அவை விற்பனைக்கு வந்தன. அன்று பொதுச்செலவிற் பயின்றவர் இன்று தனிச்செலவில் அதே பொறியை வாங்குகிறார். மும்முனை மின்சாரத்துக்கென அமைந்த மோட்டரை வீட்டில் இயக்க மின்மாற்றுக் கருவி வேண்டும். ஆயின் அது வேகத்தைச் சீராக மாற்றும் வசதியையும் கூடவே தருகிறது. சுழலும் தாங்கிகள் தேயாதிருப்பின், புதிய இலேசான பொறியைவிட இது சிறந்த தெரிவு என்போம்.

விலைப்பட்டியல்களிற் கடைசியில் வருவதை நாம் முதலிடத்தில் வைக்கவேண்டும்: மரத்தூசி. பொட்ஜரின் கால்களை வாங்கிய அதே ஹைவிக்கம் பகுதியிலே, 1960களில், தளபாடத் தொழிலாளரிடம் நாசிப் புற்றுநோய் வழமைக்கு மாறாக மிகுந்திருத்தலை எஸ்மே ஹட்பீல்ட் என்ற மருத்துவர் அவதானித்தார். அச்செசன், மக்பெத் ஆகியோரோடு நிகழ்த்திய ஆய்வுகள் அதனை நிறுவின. 1969இற் பிரித்தானியாவில் அது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்பிரிவிற் சேர்த்தது. இன்று தூசியுறிஞ்சிப் பெட்டியிலும் முகமூடியிலும் அச்சிடப்படும் எச்சரிக்கை உற்பத்தியாளரின் கொடை அன்று; ஒரு நகரத்துத் தொழிலாளர் தமது சுவாசத்தால் விலைகொடுத்த அறிவு. தொழிற்சாலையிற் சட்டமும் தொழிற்சங்கமும் ஓரளவேனும் காவலாக நிற்கும். தனிக்கொட்டிலில் அக்காவல் இல்லை. விருப்பத்தின் பேரிற் கடைபவர் தமக்குத் தாமே முதலாளியாகித் தமது நுரையீரலைச் சுரண்டிக்கொள்ளக் கூடும்.

எனவே, மீண்டும் கடைசலுக்கு வருபவருக்கு வரலாறு கூறும் விடை இதுவாகும்: பாரமான அடித்தளமும், மெதுவான தொடக்க வேகமும், பரவலான புரியும் கொண்ட, பழுதுபார்க்கத்தக்க எளிய பொறியைத் தெரிக. மிகுதிப் பணத்தை ஒளிரும் இலக்கத் திரைக்குச் செலவிடாது தூசியை அகற்றவும் உளியைத் தீட்டவும் ஒதுக்குக. இயலுமாயின், சங்கப் பட்டறையிற் பலரோடு பகிர்ந்து பயன்படுத்துக. பிறர் கையைப் பார்த்தே கை பயிலும்.

ஒரு பொறியை வாங்குவதால் அந்நியமாதல் அகலாது. பொட்ஜரின் வாழ்வே அதற்குச் சான்று. ஆனால் சுழலும் மரத்தின் முன்னே, அடுத்த வெட்டைத் தானே தீர்மானிக்கும் கை, வேலை எவ்வாறு இருக்கலாம் என்பதை ஒருவருக்கு உணர்த்துகிறது. ஓய்வுபெற்ற பின் கொட்டிலிற் கிடைக்கும் அவ்வுரிமை, உழைத்த நாற்பது ஆண்டுகளிலும் ஏன் கிடைக்கவில்லை என அவர் வினவத் தொடங்குவாராயின், அப்பொறி தன் விலைக்கு மேலாகவே பயன் தந்ததாகும்.