கம்பெனி மூடினாலும் கிணறு இனிக்கல

2020 மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் டேனரி, ஷூ கம்பெனி எல்லாம் மூடியாச்சு. "இனி பாலாறு தெளிஞ்சிடும்"னு டவுன் சொந்தக்காரங்க போன்ல சொன்னாங்க.

பாலாறு எங்கே ஓடுது, தெளிய? தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவார்கள். அதைக் கழுவின தண்ணிதான் பல வருஷமா நிலத்தடியில் இறங்கினது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லுது. நிலம் கைவிட்ட வீட்டுப் பொம்பளைங்க ஷூ தைக்கப் போனாங்க.

ஊரடங்கில் அந்தச் சம்பளம் உடனே நின்னுது. கிணத்துத் தண்ணி மட்டும் அப்படியே கரிச்சுது. ரேஷன் அரிசியும் அரசு கொடுத்த 1,000 ரூபாயும் எத்தனை நாளைக்கு? கிணறு கெட்டதைப் பேசின வாயே, கம்பெனி எப்போ திறக்கும்னு கேட்டுச்சு.