கட்டடத் தேய்மானமும் அளவு மதிப்பீட்டாளரும்

தேய்மானம் என்றவுடன் நம்மவர்க்குப் பொற்கொல்லர் பட்டறை நினைவுக்கு வரும். அராவுங்கால் உதிரும் பொன்னுக்கு அங்கே கணக்கு உண்டு. வணிகக் கணக்கிலும் இச்சொல் வழங்குகிறது. நெடுநாள் உழைக்கும் பொருளொன்றை வாங்கினால், அதன் விலை முழுவதும் அவ்வாண்டின் செலவாகாது. அது உழைக்கும் ஆண்டுகளுக்கெல்லாம் பங்கிட்டு எழுதப்படும். அப்பங்கைக் கழித்து, எஞ்சிய வருமானத்துக்கே வரி செலுத்துதல் முறை. கொள்கை எளிது. ஆயின் எது தேயும், எவ்வளவு தேயும், அதனை அளந்து சொல்லத் தக்கவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணச் சட்டத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

குதிரையும் கருவியே

தொழிலுக்குரிய பொறிகளும் கருவிகளும் தேய்வதைப் பிரிட்டனின் வரிச் சட்டம் 1878-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. கருவி என்பது யாது? இதற்கு விளக்கம் தந்தது வரி வழக்கு அன்று. தொழிலாளி ஒருவரின் இழப்பீட்டு வழக்கு. சரக்குத்துறை உரிமையாளரிடம் வண்டியோட்டியாக இருந்த யார்மத் என்பாரை முரட்டுக் குதிரையொன்று உதைத்துக் காலை முறித்தது. குதிரை தொழிற்கருவியா என்ற வினா எழுந்தது. விற்பனைச் சரக்கு அல்லாமல், தொழிலை நடத்துதற்கு நிலையாக வைத்துக்கொள்ளும் பொருள், உயிருள்ளதாயினும், கருவியே என 1887-இல் நீதிபதி லிண்ட்லி விளக்கினார். வரி வழக்குகளுக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

ஆனால் தொழில் நடக்கும் இடம் வேறு, தொழிலை நடத்தும் கருவி வேறு என்று பின்வந்த நீதிமன்றங்கள் பிரித்தன. கட்டடம் இடத்தின் பாற்பட்டது. ஆகவே குதிரைக்குக் கிடைத்த கழிவு குதிரை லாயத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியா கண்ட மாற்றம்

ஆஸ்திரேலியாவின் 1936-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் கருவிக்குத் தேய்மானம் தந்தது. கட்டடத்துக்குப் பொதுவாகத் தரவில்லை. இந்நிலை படிப்படியாக மாறிற்று. 1979 ஆகஸ்டு 21-க்குப் பின் கட்டத் தொடங்கிய பயணியர் விடுதிகள் முதலில் இடம் பெற்றன. 1982 ஜூலை 19-க்குப் பின் தொடங்கிய வணிகக் கட்டடங்கள் அடுத்து வந்தன. 1985 ஜூலை 17-க்குப் பின் தொடங்கிய வாடகை வீடுகளும் சேர்ந்தன. வீடுகளுக்கு முதலில் ஆண்டுக்கு 4 விழுக்காடு கிடைத்தது. 1987 செப்டம்பர் 15-க்குப் பின் தொடங்கியவற்றுக்கு 2.5 விழுக்காடு, அதாவது 40 ஆண்டுக் கணக்கு. கட்டுமானச் செலவு 400,000 வெள்ளியானால் ஆண்டுக்கு 10,000 வெள்ளி கழியும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கழிவுக்கு அடிப்படை வீட்டை வாங்கிய விலை அன்று; அதனைக் கட்டிய நாளில் ஆன செலவு. நிலம் தேய்வதில்லை, அதன் விலை கணக்கில் சேராது. நிலத்தைத் துப்புரவாக்கிய செலவும், செடிகொடி நட்ட செலவும் சேரா. வீட்டை மூன்றாம் கையாக வாங்கியவரிடம் கட்டியவரின் சிட்டை இராது. கட்டிய நிறுவனமே மறைந்திருக்கலாம். சட்டம் உரிமையைத் தந்தும், அதனை மெய்ப்பிக்கும் ஏடு இல்லை. இவ்விடத்தில் நுழைபவரே ஆங்கிலத்தில் குவான்டிட்டி சர்வேயர் எனவும், மலாயில் ஜூரு உக்கூர் பஹான் எனவும் வழங்கும் அளவு மதிப்பீட்டாளர்.

பொது அளவையின் பிறப்பு

இத்தொழில் பிரிட்டனில் வளர்ந்தது. முற்காலத்தில் கொத்தர், தச்சர் முதலியோர் முடித்த வேலையை அளந்து கூலி கணக்கிட அளவையாளர் இருந்தனர். பின்னர் மொத்த விலைக்கு ஒப்பந்தம் கேட்கும் வழக்கம் வந்தபோது, போட்டியிட்ட கட்டுநர் ஒவ்வொருவரும் ஒரே வரைபடத்தைத் தனித்தனியே அளந்தனர். இஃது வீண்செலவு என உணர்ந்து, எல்லார்க்கும் பொதுவாக ஒருவரை அமர்த்தலாயினர். அவர் வகுத்த அளவுப் பட்டியலே அனைவர்க்கும் அடிப்படையாயிற்று. இரு தரப்பாரும் ஒப்பும் அளவு என்பதே இத்தொழிலின் உயிர்.

அந்நம்பிக்கையை ஆஸ்திரேலிய வரித்துறையும் ஏற்றது. உண்மைச் செலவு தெரியாதவிடத்துத் தகுதியுடையார் மதிப்பீட்டை ஏற்கலாம் என 1997-இல் அது வெளியிட்ட விளக்கம் கூறுகிறது. அளவு மதிப்பீட்டாளரும், கட்டுமானத்தை மேற்பார்த்துப் பணம் வழங்க ஒப்பும் கட்டடக் கலைஞரும், அத்தகைய வேலைக்குச் செலவு கணித்துப் பழகிய கட்டுநரும் அதில் இடம் பெற்றனர். சொத்துத் தரகர், வழக்கறிஞர், கணக்கர், நிலமதிப்பாளர் ஆகியோர் பொதுவாக இதற்குத் தகுதியுடையார் அல்லர். சந்தை விலை அறிதல் வேறு. செங்கல்லும் மரமும் கூலியும் அறிதல் வேறு.

மதிப்பீட்டாளர் வீட்டை நேரில் பார்த்து அளக்கிறார். நகராட்சி ஏடுகளில் கட்டிய ஆண்டைத் தேடுகிறார். அவ்வாண்டின் விலைவாசிப்படி செலவைக் கணிக்கிறார். 1985-க்கு முற்பட்ட வீடாயினும், பின்னாளில் புதுப்பித்த சமையலறைக்குக் கழிவு உண்டு, அதனைப் பிரித்தறிகிறார். சுவரோடு ஒன்றிய அலமாரி கட்டடத்தைச் சேரும். சுடுநீர்க் கொதிகலனும் திரைச்சீலையும் கருவியைச் சேரும். முன்னதன் ஆயுள் 12 ஆண்டு, பின்னதன் ஆயுள் 6 ஆண்டு என வரித்துறை வகுத்துள்ளது. யார்மத்தின் குதிரை வகுத்த கோடு இன்றும் வீட்டுக்குள் ஓடுகிறது.

ஒரு பொருளுக்கு எத்தனை தேய்வு?

இம்முறையிலும் ஓட்டை இருந்தது. கட்டடத்தின் கணக்கு முதற்செலவோடு கட்டுண்டது. வீடு எத்தனை கைமாறினும் 40 ஆண்டு ஒருமுறையே ஓடும். கருவியின் கணக்கோ வாங்குவோர் ஒவ்வொருவர்க்கும் புதிதாகத் தொடங்கியது. ஒரே பொருள் கைமாறுந்தோறும் புது மதிப்புப் பெற்று, தன் உண்மை மதிப்பினும் மிகுதியாகக் கழிவு பெற்றதென அரசு கண்டது. 2017 மே 9 அன்று இரவு 7.30 மணிக்குப் பின் தனியார் வாங்கிய வாடகை வீடுகளில், முன்பே பயன்பட்ட கருவிகளுக்கு இக்கழிவு நீங்கியது. புதிதாக வாங்கி வைப்பனவற்றுக்கு உண்டு; கட்டடக் கழிவும் நிலைத்தது. அக்கழிவும் முழு நன்கொடை அன்று. 1997 மே 13-க்குப் பின் வாங்கிய வீட்டை விற்கும்போது, கழித்த தொகை வாங்கிய அடக்கத்தில் குறைக்கப்பட்டு, ஆதாய வரியில் ஒரு பகுதி திரும்பி வரும்.

மலேசியாவிலும் 1967-ஆம் ஆண்டு இரு சட்டங்களைத் தந்தது: ஒன்று வருமான வரிச் சட்டம், மற்றொன்று அளவு மதிப்பீட்டாளர் சட்டம். எனினும் தொழிற்சாலை போன்ற கட்டடங்களுக்குரிய கழிவு, வாடகைக்கு விட்ட சாதாரண குடியிருப்பு வீட்டுக்கு இங்கு இல்லை. ஆதலின் இத்தொழிலின் வரித்துறைப் பயன் ஆஸ்திரேலியாவில்தான் விளங்கத் தெரிகிறது.

மதிப்பீட்டாளருக்குக் கூலி தருபவர் வீட்டுக்காரர்; அவர் எழுதியதை நம்பி வரியை விட்டுக்கொடுப்பது பொதுமக்களின் கருவூலம். இதனாலேயே தேய்மானப் பட்டியல் எழுதித் தருவோர் வரி முகவராகப் பதிவுபெற வேண்டும் என 2009-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. அளவுகோல் யார் கையில் இருப்பினும் அதன் நீளம் ஒன்றே. அந்நீளம் மாறாதிருக்கும் வரையே அளப்பவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு.