குதிரை வந்த வழி

மாசித் திருவிழா வந்துவிட்டால் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ராட்டினத்துக்கும் சேர்த்தே காத்திருப்பார்கள். வளையல் கடையும் பொரிக் கடையும் இடம் பிடித்து முடித்தபின், மிச்சமுள்ள திடலில் லாரி வந்து நிற்கும். இரும்புக் கம்பங்கள் இறங்கும், பலகைகள் இறங்கும், கடைசியாகச் சாக்கு சுற்றிய குதிரைகள் இறங்கும். சாக்கை அவிழ்ப்பதற்குள் யாருக்கு எந்தக் குதிரை என்று பிள்ளைகள் பேசி முடித்திருப்பார்கள்.

அந்தக் குதிரை எங்கிருந்து கிளம்பி இங்கே வந்தது என்று பின்னோக்கிப் போனால், அரண்மனை முற்றம், நீராவி எஞ்சின், கடற்கரைப் பொழுதுபோக்கு, சினிமா செட் என்று நெடிய வழி தெரிகிறது. பிள்ளைகளுக்கு என்று ஓர் இடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதை அந்த வழியில் பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பாதியை நாம் வாங்கிக்கொண்டோம். மீதியையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1662 ஜூனில் பாரிஸில் பதினான்காம் லூயி, டியூலரி அரண்மனைக்கு முன்னால் பெரிய குதிரை விழா ஒன்றை நடத்தினார். பிரபுக்கள் அலங்காரத்தோடு வந்து, ஓடும் குதிரையில் இருந்தபடியே எட்டத்தில் தொங்கும் வளையத்தை ஈட்டி முனையில் கோத்தெடுத்துத் திறமை காட்டுவது அக்காலத்து வழக்கம். அதற்குப் பழகுவதற்கு உயிருள்ள குதிரை தேவைப்படவில்லை. நடுவில் ஒரு கம்பம், அதிலிருந்து நீளும் கட்டைகள், கட்டைகளின் முனையில் மரக்குதிரைகள். ஆளோ விலங்கோ சுற்றிவிட, மேலே இருப்பவர் வளையத்துக்குக் குறி பார்ப்பார். போர்ப் பயிற்சிக்கு இருந்த இந்தச் சுழற்சி அடுத்த நூற்றாண்டில் ஊர்ச் சந்தைகளுக்கு வந்தது. ஈட்டி போய்விட்டது, குதிரை தங்கிவிட்டது. பிற்காலத்து அமெரிக்க ராட்டினங்களில் வெளிவரிசைக் குதிரையில் இருப்பவர் கையை நீட்டிப் பித்தளை வளையத்தைப் பிடித்துவிட்டால் மறுசுற்று இலவசம். அந்தப் பழைய ஈட்டி விளையாட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

குதிரையோடு பிறந்த இன்னொன்று தொட்டி ராட்டினம். பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி 1620இல் துருக்கியர் ஆட்சியில் இருந்த பிலிப்போபோலிஸ் நகரில், இன்றைய பல்கேரியாவின் புளோவ்டிவில், மனிதர் கையால் சுற்றும் சக்கரங்களைக் கண்டு எழுதி வைத்தார். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து மேலே போய்க் கீழே வந்தார்கள். மின்சாரம் வருவதற்கு முந்தைய நம் ஊர்த் திருவிழாக்களின் கை ராட்டினமும் அதே குடும்பம்தான். நாலு மரத் தொட்டி, ஓர் அச்சு, இரண்டு ஆள்.

அந்தக் கை ராட்டினக்காரரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தொட்டி ராட்டினத்தைப் போலவே கையால் சுற்றுவது, குடைபோல் விரிந்த குடை ராட்டினம். அதைச் சுற்றுகிறவர் பிள்ளைகளோடு சேர்ந்தே ஓடுவார். கம்பியைப் பிடித்து ஓடிக்கொண்டே எல்லா முகத்தையும் பார்ப்பார். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் வேகம் குறையும். இன்னொன்று “இன்னும், இன்னும்” என்று கத்தினால் ஓட்டம் கூடும். வெளியே நிற்கும் அம்மாவிடம் “புள்ள பயப்படுதுங்க, நீங்க கிட்ட வந்து நில்லுங்க” என்பார். ராட்டினத்தில் இருக்கும் பிள்ளையின் மனசுக்கேற்ப வேகத்தை மாற்றும் பொறியை உலகத்தின் பெரிய பூங்காக்களில் இன்றும் காண்பது அரிது. அந்த ஓட்டக்காரர் அதைத் தன் காலாலும் கண்ணாலும் செய்தார். பிள்ளைகளுக்கான இடம் அமைக்கும் கலைக்கு நம் மண்ணில் முன்னோடி அவர்தான் என்று நான் நம்புகிறேன்.

குதிரைக்கு நீராவி கிடைத்தது இங்கிலாந்தில். 1861 வாக்கில் தாமஸ் பிராட்ஷா என்பவர் எய்ல்ஷம் சந்தையில் நீராவியால் சுழலும் ராட்டினத்தைக் கொண்டுவந்தார். கிங்ஸ் லின் ஊரில் விவசாய இயந்திரங்கள் செய்துவந்த ஃபிரெடரிக் சாவேஜ் அதை எடுத்து வளர்த்தார். அவருடைய பட்டறையில்தான் குதிரை துள்ளக் கற்றுக்கொண்டது. தலைக்கு மேல் வளைந்த அச்சுத்தண்டு ஒன்று சுழலும். குதிரையைத் தாங்கும் கம்பி அதில் தொங்கும். தண்டு சுழலச் சுழலக் குதிரை ஏறி இறங்கும். கதிரடிக்கும் இயந்திரம் தெரிந்த கைக்குத்தான் இது தோன்றியிருக்கும். அதுவரை வட்டத்தில் இழுபட்டுப் போன மரக்கட்டை, அன்று முதல் பிள்ளையின் உடம்புக்கு உயிருள்ள குதிரையாகிவிட்டது.

அங்கிருந்து அமெரிக்கா. ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய குஸ்டாவ் டென்ட்செல் ஃபிலடெல்ஃபியாவில் ராட்டினப் பட்டறை வைத்தார். சார்லஸ் லூஃப் 1876இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ராட்டினம் நிறுத்தினார். இந்தத் தச்சர்கள் செதுக்கிய குதிரைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். ராட்டினம் சுழலும்போது வெளிப்பக்கம் பார்க்கும் விலாவில் மணியும் ரோஜாப்பூவும் பறக்கும் பிடரியுமாக வேலைப்பாடு கொட்டிக் கிடக்கும். உள்பக்கம் எளிமையாக இருக்கும். அந்த அலங்காரம், வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைக்காகச் செய்தது. காத்திருக்கும் நேரமும் விளையாட்டின் பகுதிதான் என்று அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது.

லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் இப்படி ஒரு ராட்டினம் உண்டு. வால்ட் டிஸ்னி தன் மகள்கள் டயானையும் ஷாரனையும் அங்கே அழைத்துப் போவார். மகள்கள் சுற்றுவார்கள், தகப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில் பிறந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தது. அதன் கதை உலகமான ஃபேன்டஸிலாண்டின் நடுவில் அவர் வைத்தது, கனடாவின் டொராண்டோவில் ஓடிப் பழகிய டென்ட்செல் ராட்டினம். நிற்கும் குதிரைகளே அதில் வேண்டாம், எல்லாமே துள்ள வேண்டும் என்றார். அதனால் கடைசியாக ஏறும் பிள்ளைக்கும் துள்ளும் குதிரையே கிடைத்தது.

அவருடைய ஆட்கள் ராட்டினத்தைச் சுற்றி ஓர் உலகத்தையே எழுப்பினார்கள். பூங்காவைச் சுற்றி மண்மேடு போட்டு வெளியே ஓடும் கார்களைக் கண்ணிலிருந்து மறைத்தார்கள். ஃபேன்டஸிலாண்டுக்கு வாசலாக எழுப்பிய கோட்டையின் உயரம் 77 அடிதான், ஆனால் மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கியதால் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது சுழலும் குதிரைகள்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நம் ராஜகோபுரங்களின் நிலைகள் மேலே போகப் போகக் குறுகுவது ஆகாயத்தை இன்னும் தூரமாக்கிக் காட்டுகிறது. மதிலைத் தாண்டியதும் கடைத்தெரு இரைச்சல் குறைகிறது. ஸ்ரீமுஷ்ணத்துப் பதினாறு கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் நின்று பார்க்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே வேறோர் உலகத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த அறிவு நம் சிற்பிகளிடம் இருந்தது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு அதை நாம் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் ராட்டினம் பூங்காவுக்குள் குடியேறியது 1980களில். 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பேரில் 1984 நவம்பரில் டெல்லியில் அப்பு கர் திறந்தது. தெற்கே அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு சுழற்சி நடந்தது. நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளிவந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதில் பிள்ளைகள் பாடிக்கொண்டே சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடப்பார்கள். கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே சுழலும்படி அமைத்திருந்தார். காமிரா அறையோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்ததால், அறை சுழன்றாலும் படத்தில் அறை அசையாது, பிள்ளைகள் மட்டும் சுவரேறுவார்கள். ஹாலிவுட்டில் 1951இலேயே ஃபிரெட் அஸ்டேர் இப்படி ஆடியிருக்கிறார். இங்கே அது பிள்ளைகள் கைக்கு வந்தது. ராட்டினத்தின் அச்சைப் படுக்க வைத்து, அதைச் சுற்றி வீடு கட்டியது என்றே இதைச் சொல்லலாம்.

அதே அப்பச்சன் 1995இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள். பாட்டி மடியில் ராமாயணம் கேட்ட எந்தப் பிள்ளைக்கும் அது வானரங்களின் ஊர் என்று தெரியும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. பிள்ளையை ஓர் உலகத்துக்குள் அழைத்துப் போக, அந்த உலகத்தின் வாசல் பிள்ளையின் மனசில் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். அப்பச்சன் கண்ட உண்மை அது.

அதன்பின் வந்த பல பூங்காக்களின் குழந்தைகள் பகுதியில் எனக்குக் குறை உண்டு. வெளிநாட்டுக் கோட்டையின் நகல், கார்ட்டூன் மிருகங்களின் ஃபைபர் உருவம், காது கிழியும் ஸ்பீக்கர். பங்குனி வெயிலில் அந்த ஃபைபர் இருக்கை பிள்ளையின் தொடையைச் சுடுகிறது. அறிவிப்புப் பலகைகள் பெரியவர் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. நாலு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றடிக்குள்தான் இருக்கும். அந்த உயரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் வேலிக் கம்பியும் பெரியவர் முழங்காலும்தான் தெரியும். திருவிழாத் திடலிலும் கொலம்பஸ் கப்பல், பிரேக் டான்ஸ், டிராகன் ரயில் என்று மோட்டார்கள் வந்துவிட்டன. கூட ஓடி முகம் பார்க்கிறவர் போய், தூரத்தில் சுவிட்சைப் பிடித்திருப்பவர் வந்திருக்கிறார். மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து எல்லாப் பிள்ளை முகமும் தெரியட்டும். வெளியே நிற்கும் பாட்டிக்கு ஒரு நிழலும் பெஞ்சும் இருக்கட்டும். அங்கிருந்து பேரன் ஏறிய குதிரை ஒவ்வொரு சுற்றிலும் அவள் கண்ணில் படட்டும். மெல்லச் சுற்றும் ராட்டினத்துக்கு மேல் தகரக் கூரையைவிடப் புங்க மரம் நல்லது.

கதைக்கோ ஸ்ரீமுஷ்ணத்தில் பஞ்சமே இல்லை. கடலுக்குள் மூழ்கிய பூமியைப் பன்றி உருவெடுத்துத் தூக்கிவந்தவர் இங்கே கோயில் கொண்டிருக்கிறார். பன்றி தோண்டித் தின்னும் கோரைக்கிழங்கு இங்கே பிரசாதம். மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக் கடற்கரை வரை தீர்த்தவாரிக்குப் போகிறார். அங்கே தர்காவில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வது நெடுங்கால வழக்கம். கிள்ளைக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம், சுரபுன்னை வேர்களுக்கு இடையில் படகு நுழையும் நீர்வழி. வயலில் கிளம்பி, ஊர்களைக் கடந்து, வேற்று மதத்தார் வாசலில் நின்று, கடலைத் தொடும் இந்தப் பயணத்தைவிடச் சிறந்த கதைவழியை எந்த வடிவமைப்பாளரும் மேசையில் உட்கார்ந்து வரைந்துவிட முடியாது.

செய்யும் கைகளும் பக்கத்தில்தான் இருக்கின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிறார்கள். அய்யனார் கோயில் வாசலில் சுடுமண் குதிரைகளை நிறுத்திய குயவர் மரபு நம்முடையது. பொய்க்கால் குதிரைக்குள் நின்று ஆடியவர்கள் நம் ஊர்க்காரர்கள். திருவிழாவில் பெருமாளே குதிரை வாகனத்தில் வருகிறார். லூயியின் முற்றத்திலிருந்து வந்த குதிரைக்கு அய்யனார் குதிரையின் பிடரியையும் கண்ணையும் கொடுக்கலாம். அதன் பக்கத்தில் பூமியைத் தூக்கிய பன்றிக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். ஏறுகிற பிள்ளை தனக்குத் தெரிந்த கதையின் மேல் உட்காரும்.

திருவிழா ஏலம் எடுப்பவர், பேரூராட்சிப் பூங்காவுக்குத் திட்டம் போடுபவர், பெரிய பூங்காவுக்குப் பணம் போடுபவர் மூவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பொறி வாங்கும் முன் மூன்றடி உயரத்தில் குந்தி உட்கார்ந்து இடத்தைப் பாருங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அவர்களுக்குத் தெரிந்த கதையைக் கேளுங்கள். பெற்றவர் கண்ணுக்குப் பிள்ளையும் பிள்ளையின் கண்ணுக்குப் பெற்றவரும் தெரியும்படி வட்டத்தைப் போடுங்கள். சாவேஜும் டென்ட்செலும் அப்பச்சனும் ஊர் பேர் தெரியாத நம் கை ராட்டினக்காரரும் செய்தது இதைத்தான். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வருகிற மாசிக்கே தொடங்கிவிடலாம்.