பறையும் கிற்றாரும்

யாழ்ப்பாணத்தில் தோற்கருவிகளுக்கும் சாதி உண்டு. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் தவிலுக்கு வீதி திறந்திருக்கிறது. பறையோ நெடுங்காலம் சாவீட்டு முற்றத்திலும் சுடலைக்குச் செல்லும் ஒழுங்கையிலுமே நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டும் மரமும் தோலுந்தான். அடிப்பவன் பிறந்த குடியைக் கொண்டே கருவியின் தகுதியை வகுத்தார்கள். இவ்வழமையை அறிந்த நம் ஆசிரியர்களும் மாணவர்களும், சென்னையில் எழுந்த 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவின் வரலாற்றை அயலூர் வேடிக்கையென ஒதுக்கிவிட முடியாது.

2018 ஜனவரி 6ஆந் திகதி, கர்நாடக இசைச் சபைகளின் கச்சேரிக் காலம் இன்னும் ஓயாதிருந்த சென்னையில், கீழ்ப்பாக்கத்து மைதானமொன்றில் அக்குழு முதன்முதலாக மேடையேறிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த குழு அது. பத்தொன்பது கலைஞர்கள், அவர்களுள் பெண் இசைவாணி ஒருவரே. பறையும் சட்டியும் ஒருபுறம், மின்கிற்றாரும் மேனாட்டு முரசங்களும் மறுபுறம். வடசென்னையின் கானாவும் றொக் இசையும் 'றப்' என்னும் சொல்லிசையும் ஒரே பாட்டில் கலந்தன. சாதியற்ற தமிழர் என்று தம் மக்களை அழைத்த அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. பெயர் ஆங்கிலமாயினும் வேர் நம்முடையதே.

மேனாட்டில் இத்தகைய குழுக்களுக்கு முன்னோர் உண்டு. 1970களின் நடுவில் நியூயோர்க்கில் றமோன்ஸ் முதலான குழுவினர், இரண்டு மூன்று சுரச்சேர்க்கைகளைப் பிடிக்கத் தெரிந்த எந்த இளைஞனும் மேடையேறலாம் என்று காட்டினர். அதற்குப் 'பங்க்' என்று பெயராயிற்று. வாஷிங்டனில் 'பாட் பிறெயின்ஸ்' என்ற கறுப்பின இளைஞர் குழு அவ்விசையை அசுர வேகத்தில் வாசித்தது. 1978 ஏப்ரல் 30இல் இலண்டன் விக்டோரியாப் பூங்காவில், நிறவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் 'கிளாஷ்' குழு பாடியது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. மேனாட்டு இளைஞர் பலர் தேர்ச்சியை வேண்டுமென்றே உதறினர். சென்னைக் கானாக் கலைஞனுக்கோ தேர்ச்சி இருந்தது. அதைத் தேர்ச்சி என்று ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை. இழவு வீட்டில் இரவு முழுதும் இறந்தவர் புகழை இட்டுக்கட்டிப் பாடுபவனின் சொல்வன்மை எந்தச் சபாவின் கணக்கிலும் ஏறியதில்லை. அவனுடைய பாட்டில் இடஒதுக்கீடும், மாட்டிறைச்சியும், ஆணவக் கொலையும், மலக்குழியில் மாளும் தொழிலாளியும் பொருளாயின. பாடுபொருள் மாறினால் இசையின் நயம் கெடும் என்போர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இங்கே நம்மவர் ஒருவர் நியாயமாகவே தடை எழுப்பலாம். பறையடிப்பது அடிமைக் குடிமையின் அடையாளம். அதைக் கீழே வைப்பதல்லவோ விடுதலை? தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் சாவுப்பறை அடிக்க மறுத்ததும், அதற்காக அடிபட்டதும் வரலாறு. நம் நாட்டிலும் அம்மறுப்புக்கு இடமிருந்தது. அம்மறுப்பை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆயினும் கட்டளைக்கு அடிப்பது வேறு, தன் விருப்பில் மேடையேற்றி அடிப்பது வேறு. முன்னவர் பறையைக் கீழே வைத்துத் தன்மானம் காத்திராவிடில், பின்னவர் அதைத் தலைநிமிர்ந்து கையில் எடுத்திருக்க முடியாது என்பதே நம் கருத்து.

கோயில் வாசல் இக்குழுவையும் விடவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் கேட்டு வந்தோரை, கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சுந்தரலிங்கம் வாசலில் நின்று தடுத்தார். அப்போராட்டச் சூழலில் ந. கே. இரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2018 செப்டெம்பரில் சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் செல்லலாமென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்துச் சர்ச்சையை ஒட்டி, ஐயப்பனையே விளித்து இசைவாணி பாடினார். பாட்டுக்கு உடனே வந்த எதிர்ப்பைவிட, ஆண்டுகள் பல சென்று 2024 நவம்பரில் வந்த எதிர்ப்பே பெரிது: காவல்துறையில் முறைப்பாடுகள், அப்பெண்ணின் மீது வசைமாரி. 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர் அவர்.

இக்குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. அதில் போற்றப்படும் பாட்டி வள்ளியம்மாள் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாடு சென்றவர். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நல்லூரில் இருந்து அன்று அதற்கு எழுந்த குரல் எவ்வளவு மெலிந்தது என்பதை நாம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

பாட்டு உயர்ந்தது, பாட்டுக்காரன் மறைந்தான். 2021 ஆகஸ்டில் 'றோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தனர். சொற்களை எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் இதைக் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனி அட்டை கிடைத்தது. 2022 ஜூலையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. 2024 மார்ச்சில், அப்பாடலால் தங்களில் எவருக்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே கூறினார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பேரேடு நமக்கு நினைவுக்கு வருகிறது.